'100 பீஸ்தான் ப்ரோ!' - லிமிடெட் எடிஷன் டி-ஷர்ட்டும் குன்னத்தூர் கணக்கும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. இன்ஸ்டாகிராமில் ஒரு கறுப்பு ஸ்டோரி. நடுவில் வெள்ளை எழுத்து: 'ட்ராப் 03. 100 பீஸ் மட்டும். திரும்ப வராது.' கீழே ஓடிக்கொண்டிருக்கும் கவுன்ட்டவுன். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஓ.டி.பி. அடித்து, ஒரு கறுப்பு ஓவர்சைஸ்டு டி-ஷர்ட்டை 1,299 ரூபாய்க்கு வாங்கினேன். பத்து நிமிஷத்தில் 'சோல்டு அவுட்'. அன்னைக்கு ராத்திரி எனக்கு இருந்த பெருமை இருக்கே... சொல்லி மாளாது.

மூணே வாரம். அதே பேஜ், அதே டி-ஷர்ட். 'நீங்க கேட்டதுக்காக ஒரு சின்ன ரீஸ்டாக்!' என் ரூம்மேட் அதை வாங்கினான். இப்போ ஒரே கொடியில் ரெண்டு 'திரும்ப வராது' காயுது.

கோபம் வந்தது உண்மை. ஆனா அதைவிட ஒரு கேள்விதான் அதிகமாகக் குடைந்தது. ஏன் 100? ஏன் 80 இல்லை, 140 இல்லை? 'முடிஞ்சுபோச்சு' என்று சொன்ன சரக்கு மறுபடி எங்கிருந்து வந்தது? டி-ஷர்ட்டின் உள்பக்க லேபிளில் இருந்த ஊர் திருப்பூர். அங்கே இந்தக் கேள்விக்கு பதில் இருக்கிறது. ஆனால் அமெரிக்க, ஐரோப்பிய ஆர்டர் ஓடுகிற பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் தேடினால் கிடைக்காது. அவர்கள் 100 பீஸை சாம்பிள் என்பார்கள். ஊருக்கு வெளிவட்டத்தில், குன்னத்தூர் மாதிரியான இடங்களில்தான் தேடணும்.

முதல் கேள்வி: எத்தனை பீஸ்?

திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் தாண்டி கோபி போகிற ரோட்டில், சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது குன்னத்தூர். ஊத்துக்குளி தாலுகாவில் ஒரு பேரூராட்சி. பக்கத்து ஊரான ஊத்துக்குளிக்கு வெண்ணெய் பேர் வாங்கிக் கொடுத்தது. ஆனா இந்த வட்டாரத்தின் காலை நேரத்தைத் தீர்மானிப்பது பனியன் கம்பெனி வேன்தான். விடிந்ததும் கிராமம் கிராமமாக ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பூர் போகும். ராத்திரி ஷிப்ட் முடித்து இறக்கிவிடும். 'இன்னைக்கு ஒன்றரை ஷிப்டா?' என்பது இந்தப் பக்கம் 'சாப்பிட்டாச்சா?' மாதிரி சாதாரண விசாரிப்பு. ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கலாம்.

தினமும் வேன் ஏற முடியாதவர்கள், குழந்தை சின்னதாக இருப்பவர்கள், இருபது வருஷம் கம்பெனியில் தைத்துவிட்டு 'இனி நம்ம ஊர்லயே பார்த்துக்கலாம்' என்று திரும்பியவர்கள்... இவர்களை நம்பித்தான் இந்தப் பக்கத்து பவர் டேபிள்கள் ஓடுகின்றன. பவர் டேபிள் என்றால் வேறொன்றுமில்லை. தையல் மெஷின்களை வரிசையாகப் போட்டு, வெட்டிக் கொடுத்த துணியைத் தைத்து மட்டும் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட். துணி அவர்களுடையது இல்லை, டிசைன் இல்லை, பிராண்டும் இல்லை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. பெரிய கம்பெனிக்கு ஆர்டர் நெருக்கடி வந்தால் வேலை இங்கே வழியும். ஆர்டர் குறைந்தால் முதலில் காய்வதும் இங்கேதான்.

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து புதுசாக ஸ்ட்ரீட்வேர் பிராண்டு ஆரம்பிக்கிற ஒரு பையன், கையில் டிசைனோடு திருப்பூர் வந்து இறங்கினால், எங்கே போனாலும் அவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி ஒண்ணுதான். எத்தனை பீஸ்? டிசைனை அப்புறம்தான் பார்ப்பார்கள். 'நூறு' என்று சொன்னதும் பெரிய கம்பெனியில் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நூல் எடுத்து, நிட்டிங் போட்டு, சாயம் ஏற்றி, காம்பேக்டிங் முடித்து, கட்டிங் டேபிளுக்கு வருகிற முழுப் பாதையும் ஆயிரக்கணக்கில் ஓடுவதற்காகப் போடப்பட்டது. 1978-ல் வெரோனா என்கிற இத்தாலிக்காரர் மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலம் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததுதான் திருப்பூர் ஏற்றுமதியின் தொடக்கம் என்று ஊரில் சொல்வார்கள். 1985-ல் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25-ல் 40,000 கோடியை ஒட்டி வந்து நிற்கிறது. ஒரே மாதிரி பீஸை லட்சக்கணக்கில், சொன்ன தேதியில் கொடுக்கிற திறமையில் வளர்ந்த ஊர் இது. அதே ஊரிடம்தான் நாம இப்போ 'எனக்கு நூறே நூறு போதும், அதுவும் யார்கிட்டயும் இல்லாத மாதிரி' என்று கேட்கிறோம்.

எல்லா 'ட்ராப்'பும் ஏன் கறுப்பாகவே இருக்கு?

ஒரு சின்ன பரிசோதனை. உங்கள் ஃபீடில் வருகிற பத்து லிமிடெட் எடிஷன் டி-ஷர்ட்டை எடுத்துப் பாருங்கள். கறுப்பு, ஆஃப் ஒயிட், பீஜ், ஆலிவ், லாவெண்டர். பத்தில் எட்டு இதற்குள் அடங்கிவிடும். இதை 'மினிமல் எஸ்தெட்டிக்' என்று நினைத்து நானும் ரொம்ப நாள் மதித்துக்கொண்டிருந்தேன். விஷயம் சாயப்பட்டறையில் இருக்கிறது.

கணக்கு இப்படி. 240 ஜி.எஸ்.எம். துணியில் ஒரு ஓவர்சைஸ்டு டி-ஷர்ட் என்றால், கட்டிங் வேஸ்ட்டையும் சேர்த்து ஒரு கிலோவுக்கு மூணு பீஸ் கிடைக்கும். நூறு பீஸுக்கு 35 கிலோ துணி போதும். ஆனால் சாயப்பட்டறையில் ஓடுகிற பெரிய மெஷின்கள் ஒரே தடவையில் சில நூறு கிலோ துணியை ஏற்றுகிறவை. சின்ன சாம்பிள் மெஷினும் இருக்கும்தான். ஆனால் அதில் ஏற்றினால் கிலோவுக்கு ஆகிற செலவே வேறு. தண்ணீர், நீராவி, உப்பு, ஆள், நேரம் எதுவும் துணி குறைந்த அளவுக்குக் குறையாது.

அதோடு திருப்பூர் தண்ணீருக்கு ஒரு கதை உண்டு. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீர் விவசாயத்துக்கே ஆகாமல் போய், கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை திறந்தன. கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆவியாக்கி, உப்பைப் பிரித்து, தண்ணீரைத் திரும்ப எடுப்பதெல்லாம் காசு. அந்தக் காசு இப்போ ஒவ்வொரு கிலோ சாயத்திலும் சேர்ந்திருக்கிறது. சேரவும் வேண்டியதுதான். இல்லையென்றால் அதை நொய்யல் கரை விவசாயிதான் கட்டிக்கொண்டிருப்பார்.

ஆக, 35 கிலோவுக்கு 'யாருக்கும் இல்லாத ஒரு மாதுளை நிறம்' கேட்டால், அந்த நூறு டி-ஷர்ட்டின் விலை தாங்காது. அந்தப் பையன் என்ன செய்வான்? ரெடி ஸ்டாக் துணிக் கடைக்குப் போவான். ஏற்கெனவே சாயம் போட்டு, ரோலாக அடுக்கி வைத்திருப்பார்கள். கிலோ கணக்கில் வாங்கிக்கலாம். அங்கே எது எப்பவும் இருக்கும்? எல்லோரும் கேட்கிற நிறம். அதாவது கறுப்பு, ஆஃப் ஒயிட், பீஜ்... இதே கடையில் இன்னும் முப்பது பிராண்டுகள் துணி எடுக்கும். ஒரே ரோலில் இருந்து வெட்டின ரெண்டு 'எக்ஸ்க்ளூசிவ்' டி-ஷர்ட்டுகள் அண்ணாநகரிலும் கோரமங்களாவிலும் எதிரெதிராக நடந்து போகலாம். முன்னாடி இருக்கிற பிரின்ட்தான் வித்தியாசம்.

பிரின்ட்டிலும் இதே கதைதான். ஸ்கிரீன் பிரின்ட்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் தயார் பண்ணணும். நூறு பீஸ் அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் ஸ்கிரீன் செலவு அதேதான். பேட்டர்ன், சாம்பிள், ஸ்கிரீன், போட்டோ ஷூட் எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐயாயிரம் பீஸில் அது தலைக்கு ரெண்டு ரூபாய் நாற்பது காசு. நூறு பீஸில் 120 ரூபாய். லிமிடெட் எடிஷன் விலை அதிகமாக இருப்பதில் ஒரு பங்கு நியாயம் இங்கே இருக்கிறது. அதை மறுக்க முடியாது.

இப்போ டி.டி.எஃப். வந்துவிட்டது. டிசைனை ஒரு ஃபிலிமில் அச்சடித்து, சூடாக அழுத்தி ஒட்டுகிற முறை. ஸ்கிரீன் வேண்டாம். ஒரே ஒரு பீஸ்கூட அடிக்கலாம். சின்ன பிராண்டுகளுக்கு இது வரம். வாங்குகிற நமக்கு ஒரு சிக்கலும் கூடவே வருது. ஒண்ணு ஒண்ணாக, ஆர்டர் வர வர அடிக்க முடியும் என்றால் '100 மட்டும்' என்பதற்கு என்ன அர்த்தம்? அது தொழிலின் எல்லை இல்லை. ஓனர் தானாகப் போட்டுக்கொண்ட கோடு. எப்ப வேணும்னாலும் அழிச்சுக்கலாம்.

கை செட் ஆகுறதுக்குள்ள முடிஞ்சிரும்

துணி, சாயம், பிரின்ட் வரை எல்லோரும் பேசுகிறார்கள். யூடியூபில் 'பிராண்டு தொடங்குவது எப்படி' வீடியோக்களில்கூட இது வரும். தையலுக்கு வரும்போது மட்டும் 'ஸ்டிச்சிங் இவ்வளவு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதிகம் உறுத்தினது அந்த வரிதான்.

ஒரு டி-ஷர்ட் தைப்பது ஒரே வேலை இல்லை. ஓவர்லாக்கில் தோள் இணைக்கணும், கழுத்துக்கு ரிப் ஏத்தணும், கை ஏத்தணும், சைடு அடிக்கணும். பேட்லாக்கில் கீழ் மடிப்பும் கை மடிப்பும். சிங்கர் மெஷினில் லேபிள், கழுத்துப் பட்டி. அப்புறம் பிசிர் வெட்டணும், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள்.

புது மாடல் வந்து மேஜையில் உட்கார்ந்ததும் முதல் சில மணி நேரம் எந்த டெய்லருக்கும் வேகம் வராது. தோள் இறக்கம் வழக்கமானதா, இறங்கினதா? ரிப் எவ்வளவு இழுத்துக் கொடுக்கணும்? கனமான துணி என்றால் ஊசி மாத்தணும், மெஷினின் தையல் இறுக்கம் மாத்தணும். ரெண்டு பீஸ் பிரித்துத் திரும்பத் தைப்பார்கள். அப்புறம் மெல்ல 'கை செட்' ஆகும். செட் ஆனபிறகு பார்க்கணும், கண் மூடித் திறப்பதற்குள் ஒரு கை ஏறியிருக்கும். பீஸ் ரேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு சம்பளம் வருவதே அந்தச் செட் ஆன நேரத்தில்தான்.

ஐயாயிரம் பீஸ் ஆர்டரில் முதல் நாள் இழந்ததை அடுத்தடுத்த நாள்களில் எடுத்துவிடலாம். நூறு பீஸ் ஆர்டரில்? கை செட் ஆகுறதுக்குள்ள சரக்கு முடிஞ்சிரும். அடுத்து வேறொரு பிராண்டின் வேறொரு நூறு. திரும்பவும் முதலிலிருந்து. நமக்கு அது 'தனித்துவம்'. மெஷினில் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு அது எப்போதும் முதல் நாள்.

திருப்பூரில் கூலி விஷயத்துக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. பவர் டேபிள் உரிமையாளர்கள் சங்கமும் 'சைமா' எனப்படும் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர்கள் சங்கமும் உட்கார்ந்து பேசி, சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒப்பந்தம் போட்டுக் கூலியை உயர்த்துவார்கள். பேச்சு இழுத்தால் ஸ்டிரைக்கும் நடக்கும். அந்தப் பேச்சுவார்த்தையெல்லாம் பனியன், ஜட்டி மாதிரி எப்போதும் ஓடுகிற சரக்கை மனதில் வைத்து உருவானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூறு பீஸ் எடுத்துவரும் இன்ஸ்டா பிராண்டு எந்தச் சங்கத்திலும் இல்லை. அங்கே ரேட் என்பது அந்த நேரத்துப் பேரம். நல்ல ஓனர், நூறு பீஸுக்கு ரெட்டிப்புக் கூலி கொடுப்பார். சிலர் பீஸ் கணக்கே வேண்டாம் என்று ஷிப்ட் கணக்கில் கொடுத்துவிடுவார்கள். அதுதான் சின்ன ஆர்டருக்கு நியாயமான முறை என்று எனக்குத் தோன்றுகிறது. 'இது சின்ன ஆர்டர்தானே அண்ணா, பார்த்துப் போட்டுக் கொடுங்க, அடுத்த தடவை பெருசா வர்றேன்' என்கிறவர்களும் உண்டு. 1,299 ரூபாய் டி-ஷர்ட்டில் அந்த அக்காவுக்கு எவ்வளவு போகிறது என்பது இந்த ஒரு உரையாடலில் முடிவாகிறது. அந்த உரையாடலை எந்தப் பிராண்டும் ரீல்ஸ் போட்டு நான் பார்த்ததில்லை.

பற்றாக்குறையை விற்ற கதை

'கொஞ்சமாகப் போடு, கூட்டத்தைக் கூட்டு' என்ற இந்த வித்தை எங்கிருந்து வந்தது? 1993-ல் டோக்கியோவின் ஹராஜுகு சந்துகளில் நிகோ என்ற இளைஞர் 'எ பேத்திங் ஏப்' பிராண்டைத் தொடங்கியபோது, வாரத்துக்குச் சில டஜன் டி-ஷர்ட்தான் போட்டார். அதிலும் பாதியை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவாராம். அடுத்த வருஷம், 1994-ல், நியூயார்க்கின் லஃபயெட் தெருவில் ஜேம்ஸ் ஜெபியா 'சுப்ரீம்' கடையைத் திறந்தார். யாரும் வாங்காத சரக்கோடு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால்தான் குறைவாகப் போட்டோம் என்பது அவர் சொன்ன விளக்கம். அதாவது ஆரம்பத்தில் இது கையில் காசு இல்லாதவனின் ஜாக்கிரதை. குன்னத்தூருக்கு நூறு பீஸோடு வருகிற பையனுக்கும் நிஜத்தில் அதே காரணம்தான்.

ஜாக்கிரதை எப்போது வித்தையானது என்பதற்கும் தேதி வைத்துச் சொல்லலாம். 2005 பிப்ரவரியில் நைக்கி 150 ஜோடி மட்டும் போட்ட ஒரு 'புறா' ஷூவுக்காக நியூயார்க்கில் கூட்டம் முண்டியடித்து, போலீஸ் வந்துதான் அடக்கியது. 2016-ல் சுப்ரீம் தன் பெயர் பொறித்த ஒரு செங்கல்லை 30 டாலருக்கு விற்றது. ஆமாம், வீடு கட்டுகிற செங்கல்தான். அதுவும் விற்றுத் தீர்ந்தது. 2020-ல் அந்த பிராண்டை வி.எஃப். என்ற பெரிய நிறுவனம் 210 கோடி டாலருக்கு வாங்கியது. நாலே வருஷத்தில், 2024-ல், 150 கோடிக்கு விற்றுவிட்டு வெளியேறியது. கூட்டத்தைக் குறைவான சரக்கால் கட்டிப் போடலாம். பங்குச்சந்தைக்குக் காட்ட ஒவ்வொரு வருஷமும் அதிகமாக விற்றாகணுமே, அங்கேதான் இடிக்கும்.

நம்மூரிலும் பார்த்தோம். 2021 ஆகஸ்ட்டில் எச் அண்ட் எம், சப்யசாச்சியோடு சேர்ந்து போட்ட கலெக்‌ஷன் ஆன்லைனில் சில நிமிடங்களில் காலியானது. எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு கதை. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து லண்டனில் வளர்ந்த நம்ம எம்.ஐ.ஏ., 2013-ல் வெர்சஸ் வெர்சாச்சேவுக்காக ஒரு சின்ன கலெக்‌ஷன் செய்தார். ஐடியா என்ன தெரியுமா? லண்டன் தெருக்கடைகளில் விற்கிற போலி வெர்சாச்சே துணிகளைப் பார்த்து, அந்தப் போலியையே ஒரிஜினல் வெர்சாச்சே போட்டது. எது ஒரிஜினல், எது அரிது என்ற கேள்வியையே அவர் கலாய்த்துவிட்டார்.

திருப்பூரில் இருந்து பார்த்தால் அந்தக் கலாய் இன்னும் நல்லாப் புரியும். ரயில்வே ஸ்டேஷன் எதிரே காதர்பேட்டை. எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிச்சமானது, சின்னக் குறையால் பையர் தள்ளியது, கேன்சலானது எல்லாம் கடைசியில் வந்து சேர்கிற சந்தை. லேபிள் வெட்டியிருக்கும். ஒரு மாடலில் ஏழு பீஸ் இருக்கும், அதிலும் ஐந்து எக்ஸ்.எல். நாளைக்குப் போனால் இருக்காது, இனி எப்போதும் வராது. கவுன்ட்டவுன் இல்லை, நம்பர் போட்ட அட்டை இல்லை. உலகத்திலேயே பொய் கலக்காத லிமிடெட் எடிஷன் என்றால் அங்கே குவித்துப் போட்டு விற்கிறதுதான்!

அதே 100, வேற அர்த்தம்

இதையெல்லாம் இப்போ ஏன் பேசணும்? திருப்பூருக்கு 'சின்ன ஆர்டர்' திடீரென்று முக்கியமாகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டபோது, ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அந்த நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர் ஆடிப்போனது. ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்புவது எவ்வளவு ஆபத்து என்று எல்லோருக்கும் புரிந்த நாள்கள் அவை. உள்நாட்டு பிராண்டுகளின் சின்ன ஆர்டரை முன்பு ஏறெடுத்தும் பார்க்காதவர்கள்கூட 'சரி, எத்தனை பீஸ்?' என்று கொஞ்சம் மென்மையாகக் கேட்கவேண்டி வந்தது.

ஐரோப்பாவிலிருந்தும் ஒரு தள்ளு. 2018-ல் பர்பெரி நிறுவனம், விற்காத 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை ஒரே வருஷத்தில் அழித்தது வெளியே வந்து நாறியது. விலை குறைத்து விற்றால் 'அரிது' என்ற பெயர் போய்விடுமாம். அதனால் எரித்தார்கள். இப்போது ஐரோப்பிய ஒன்றியம், பெரிய நிறுவனங்கள் விற்காத துணிகளை அழிக்கத் தடை போட்டிருக்கிறது. அமலுக்கு வரும் தேதி 2026 ஜூலை 19. அழிக்க முடியாது என்றால் பையர் என்ன செய்வார்? முதலில் குறைவாக ஆர்டர் போடுவார். விற்றால் திரும்பக் கேட்பார். ரிஸ்க் அப்படியே இந்தப் பக்கம் நகரும்.

இதை முழு வித்தையாகவே மாற்றிய நிறுவனம் ஷீ-இன். புது மாடல் என்றால் முதலில் 100, 200 பீஸ்தான் போடுவோம் என்று அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். 2020-ல் இங்கே தடை செய்யப்பட்டு, 2025 பிப்ரவரியில் ரிலையன்ஸ் ரீடெய்ல் மூலம் திரும்ப வந்திருக்கிறார்கள், இந்திய உற்பத்தியை வைத்து. கவனித்தீர்களா? என் டி-ஷர்ட்டும் 100, அவர்களுடையதும் 100. ஒருவருக்கு அது 'இனி கிடைக்காது', இன்னொருவருக்கு 'ஓடுதா என்று பார்ப்போம்'. மேஜையில் உட்கார்ந்து தைக்கிறவருக்கு ரெண்டும் ஒரே நூறுதான், ரெண்டிலும் கை செட் ஆகாது. ஆனா ஒண்ணு 1,299-க்கு விற்கிறது, இன்னொண்ணு அதில் பாதி விலைக்கும் கீழே. அதிகம் வாங்குகிற முந்தையவராலாவது கூடுதல் கூலி கொடுக்க முடியும். கொடுக்கலைன்னா, தைக்கிறவங்களைப் பொறுத்தவரை ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

நாம என்ன கேட்கலாம்?

'100 மட்டும்' என்று போட்டுவிட்டு 300 விற்றால் யார் கண்டுபிடிப்பது? நிஜமாகவே கஷ்டம். எத்தனை பீஸ் போட்டோம் என்று லேபிளில் எழுத வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. ஆனால் ஒண்ணு இருக்கு, பலருக்குத் தெரியாது. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஆன்லைன் ஏமாற்று வித்தைகளுக்கு எதிராக விதிகள் வெளியிட்டது. 13 வித்தைகளின் பட்டியலில் முதலாவதே 'பொய்யான அவசரம்'. சரக்கு குறைவு என்றோ, நேரம் முடியப்போகிறது என்றோ பொய்யாகக் காட்டி உடனே வாங்கவைப்பது. ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிற கவுன்ட்டவுன், 'ரெண்டு பீஸ்தான் பாக்கி' என்று ஒரு வாரமாகச் சொல்கிற பேஜ்... ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் கொடுக்கலாம்.

அதுக்கு முன்னாடி, பிராண்டின் டி.எம்.மில் நாலு கேள்வி கேட்டுப் பாருங்க. சைஸ் வாரியாக எத்தனை? நூறில் எக்ஸ்.எல். 20 என்றால் உங்களைப் பொறுத்தவரை அது 20 பீஸ் எடிஷன். துணி ரெடி ஸ்டாக்கா, நீங்களே சாயம் போட்டதா? பிரின்ட் ஸ்கிரீனா, டி.டி.எஃப்.பா? எங்கே தைச்சீங்க, பீஸ் கூலியா, ஷிப்ட் கூலியா? நேர்மையான சின்ன பிராண்டுகள் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், நீளமாக வாய்ஸ் நோட்டே அனுப்புவார்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

விலை ஏன் 2,499-ல் நிற்கிறது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். அதைத் தாண்டினால் 18. உங்கள் 'ப்ரீமியம்' ஹூடியின் விலையைக் கலை உணர்வு மட்டும் தீர்மானிக்கவில்லை.

சரி, என் டி-ஷர்ட் மர்மத்துக்கு வருகிறேன். துணி ரோலாகத்தான் வரும், ஒரு ரோல் 20 முதல் 25 கிலோ இருக்கும். நூறு பீஸுக்குத் தேவை 35 கிலோ. ஒரு ரோல் பத்தாது, ரெண்டு எடுத்தால் மிச்சம். பத்து கிலோ மிஞ்சினால் அதில் இன்னும் முப்பது டி-ஷர்ட் வெட்டலாம். திருப்பூரில் துணியைச் சும்மா போட்டு வைக்க யாருக்கும் மனசு வராது. 'உங்கள் அன்புக்காக ஒரு சின்ன ரீஸ்டாக்' என்பது பெரும்பாலும் அந்தப் பத்து கிலோதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் டி-ஷர்ட்டையும் ரூம்மேட்டுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உடம்புத் துணி ரெண்டும் அச்சு அசல் ஒரே கறுப்பு. ஆனா அவனுடையதில் கழுத்து ரிப் மட்டும் லேசாக நீலம் அடித்தது. மிச்சத் துணி இருந்திருக்கிறது, ரிப் தீர்ந்துபோயிருக்கும், வேற லாட்டில் வாங்கி ஏற்றியிருக்கிறார்கள். தையலைப் பார்த்தேன். அவனுடையதில் தோள் தையல் என்னுடையதைவிட நேராக, அழகாக ஓடியிருந்தது. அதுக்குள்ள யாருக்கோ கை செட் ஆகியிருக்கு.